புற்றுநோயாளியின் பக்கத்தில் இருப்பவர்: பரிவு என்ன செய்யும், என்ன செய்யாது

என் பெரியம்மாவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்து, சதை எடுத்துப் பரிசோதித்து, கீமோ ஆரம்பித்தபோது கூட இருந்து பார்த்துக்கொண்டது நான்தான். ஆஸ்பத்திரிப் பேச்சில் சொன்னால், 'பேஷண்ட்டோட அட்டெண்டர்'. முதல் தவணையில் ஏற்றியது சிவப்பு மருந்து. அதன் பெயர் டாக்சோரூபிசின். ஆனால் வார்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை, எல்லாருக்கும் அது சிவப்பு மருந்துதான். வீட்டுக்கு வந்த அன்று இரவு பெரியம்மா இரண்டு தடவை வாந்தி எடுத்தார். "கீமோன்னா அப்படித்தான் இருக்கும் பெரியம்மா. மனசத் திடமா வச்சுக்குங்க, எல்லாம் சரியாயிடும்" என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் எதுவும் சொல்லவில்லை. தேறிவிட்டார் என்று நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன். நாலாம் நாள் ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது, உதடு காய்ந்து வெடித்திருப்பதைப் பார்த்த சிஸ்டர் ஒருவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ராத்திரி தூங்கினீங்களாம்மா?"

"எங்க..."

"எத நெனச்சுத் தூக்கம் வரல?"

பெரியம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். கீமோ ஏற்றிய அன்று சிறுநீர் சிவப்பாகப் போயிருக்கிறது. ரத்தம் என்று நினைத்திருக்கிறார். கிட்னி போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டார். மறுபடி அதைப் பார்க்கப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். இரண்டாம் நாளே நிறம் தெளிந்துவிட்டது, பயம் தெளியவில்லை.

சிஸ்டர் சிரிக்கவில்லை. "சிவப்பாப் பாத்தா யாருக்கும் பகீர்னுதாம்மா இருக்கும்" என்றார் முதலில். அப்புறம்தான் விளக்கம்: அது மருந்தின் நிறம், ஒன்றிரண்டு நாள் அப்படிப் போகும், தானாக நின்றுவிடும், தண்ணீரை மட்டும் குறைக்கக் கூடாது. கீமோ ஏற்றிய அன்றைக்கே இதையும் சொல்லியிருப்பார்கள். அன்று சொன்ன இருபது விஷயங்களில் ஒன்றாக அது காற்றோடு போயிருக்கும்.

நான் சொன்ன ஆறுதல் அவர் வாயை மூடியது. சிஸ்டரின் கேள்வி திறந்தது. புற்றுநோய் சிகிச்சையில் பரிவுக்கு என்ன வேலை என்று என்னை யாராவது கேட்டால், மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இந்த ஒன்றைத்தான் சொல்வேன். பரிவு கட்டியைக் கரைக்காது. நோயாளியைப் பேச வைக்கும். அவர் பேசினால்தான் கட்டியைக் கரைக்கிற வேலை தடங்கல் இல்லாமல் நடக்கும்.

பரிவு என்று எதைச் சொல்கிறோம்

'தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்' என்பது நம் பழமொழி. யோசித்துப் பார்த்தால் இது பரிவுக்கே வைக்கிற ஆப்பு. அடுத்தவர் வலி நமக்குத் தெரியவே தெரியாது என்கிறது. உண்மைதான், தெரியாது. அதனால்தான் கேட்க வேண்டியிருக்கிறது. 'எனக்குத் தெரியும் உங்க கஷ்டம்' என்று ஆரம்பிப்பவருக்குப் பெரும்பாலும் தெரியாது. 'எனக்குத் தெரியல, சொல்லுங்க' என்று உட்காருபவரிடம் பரிவு இருக்கிறது.

'ஐயோ பாவம்' என்பது அனுதாபம். அது தப்பில்லை, ஆனால் அதைக் கேட்கிற நோயாளி இன்னும் கொஞ்சம் சுருங்கிப்போவார். அவரோடு சேர்ந்து நாமும் அழுது உடைந்துபோவது இன்னொரு வகை. அதில் அன்பு நிறைய உண்டு, ஆனால் அடுத்த நிமிடமே நோயாளி எழுந்து நம்மைத் தேற்ற வேண்டியதாகிவிடும். இந்தக் கட்டுரையில் பரிவு என்று நான் சொல்வது இந்த இரண்டையும் இல்லை. அவர் இருக்கிற இடத்தில் நின்று பார்த்தால் இது எப்படித் தெரியும் என்று கேட்டு அறிவது, அறிந்ததை நம்முடைய அடுத்த காரியத்தில் காட்டுவது. சில மருத்துவ எழுத்துகளில் இதற்கு 'ஒத்துணர்வு' என்ற சொல் இருக்கிறது. வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை என்பதால் பரிவு என்றே வைத்துக்கொள்கிறேன்.

நோயாளி ஏன் மறைக்கிறார்

கீமோ அறையில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள், காரணங்கள் வரிசையாக வரும். ஏற்கெனவே பிள்ளை வேலைக்கு லீவு போட்டு அலைகிறான், இதையும் சொல்லி இழுத்தடிக்க வேண்டாம் என்று சிலர். டாக்டரிடம் சொன்னால் இன்னொரு ஸ்கேன் எழுதுவார், அதற்கும் பணம் புரட்ட வேண்டும் என்று சிலர். 'சொன்னா அடுத்த கீமோவை நிறுத்திடுவாங்க' என்ற பயம் நிறையப் பேருக்கு உண்டு. பெண்களுக்கு வெட்கம். வயிற்றுப்போக்கு, அறுவைசிகிச்சைத் தழும்பு, கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்த இடத்தில் தோல் உரிவது, இதையெல்லாம் மகனிடம் எப்படிச் சொல்வது? ஆண்களுக்கு வேறு மாதிரி. அழுகை வந்துவிடுமோ என்ற பயத்திலேயே 'நல்லா இருக்கேன்' என்பார்கள்.

இப்படி மறைப்பதில் உயிருக்கே ஆபத்தான ஒன்று இருக்கிறது, காய்ச்சல். பல கீமோ மருந்துகளில், ஏற்றிய ஏழாவது நாளிலிருந்து பதினான்காவது நாளுக்குள் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். 'கவுண்ட் எறங்கிடுச்சு' என்பது இதைத்தான். அந்தச் சமயத்தில் கிருமி உள்ளே நுழைந்தால் எதிர்க்க உடம்பில் ஆள் இல்லை. உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே, ராத்திரி இரண்டு மணியானாலும், ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலை வரை பார்ப்போம் என்றால், காலைக்குள் கிருமி ரத்தம் முழுக்கப் பரவியிருக்கலாம். இந்தக் காய்ச்சல் முதலில் யாருக்குத் தெரியும்? போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சத்தமில்லாமல் படுத்திருக்கும் நோயாளிக்கு. அவர் நம்மை எழுப்புவாரா மாட்டாரா என்பது, போன தடவை அவர் எழுப்பியபோது நம் முகம் எப்படி இருந்தது என்பதைப் பொறுத்தது.

அளந்து பார்த்தவர்கள் சொல்வது

இது வெறும் வீட்டு அனுபவம் என்று நினைக்க வேண்டாம். நியூயார்க்கில் உள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில், முற்றிய நிலையில் கீமோ எடுத்துக்கொண்டிருந்த 766 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. மற்றவர்கள் வலி, குமட்டல், மூச்சு வாங்குவது போன்ற 12 தொந்தரவுகள் எந்த அளவில் இருக்கின்றன என்று கணினியில் தாங்களே பதிய வேண்டும். ஏதாவது ஒன்று கூடிவிட்டால் உடனே நர்ஸுக்குத் தகவல் போகும். அவ்வளவுதான், புது மருந்து எதுவும் இல்லை. 2017-இல் முடிவு வெளியானபோது, பதிந்தவர்களின் நடு ஆயுட்காலம், அதாவது பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26. ஐந்து மாத வித்தியாசம். சில விலையுயர்ந்த மருந்துகள்கூட இவ்வளவு கொடுப்பதில்லை.

இது பரிவைப் பற்றிய ஆய்வு இல்லைதான். நோயாளியின் வார்த்தை உரிய நேரத்தில் உரிய காதுக்குப் போனால் என்ன நடக்கும் என்று பார்த்த ஆய்வு. கணினி செய்த அந்த வேலையை வீட்டில் செய்ய வேண்டியவர் அட்டெண்டர். கணினிக்கு ஒரு வசதி உண்டு. அது முகம் சுளிக்காது, 'இதுக்கெல்லாமா' என்று கேட்காது.

பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை நடத்திய இன்னொரு ஆய்வும் உண்டு. பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு, ஆரம்பத்திலிருந்தே வலிநிவாரண ஆதரவுக் குழுவினரும் மாதம் ஒரு முறையாவது உட்கார்ந்து பேசினார்கள். என்ன தொந்தரவு, என்ன கவலை, குடும்பம் எப்படிச் சமாளிக்கிறது, எந்த அளவுக்குச் சிகிச்சை வேண்டும் என்று நினைக்கிறீர்கள், இப்படி. 2010-இல் வெளியான முடிவின்படி, இவர்களில் மனச்சோர்வு 16 சதவீதம் பேருக்கு, மற்றவர்களில் 38 சதவீதம் பேருக்கு. கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகளை இவர்கள் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள்: நடு ஆயுட்காலம் 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9.

அமெரிக்காவில் ஏழு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை வைத்து 2013-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். திருமணமாகித் துணையோடு இருந்தவர்கள் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு, மற்றவர்களைவிட 20 சதவீதம் குறைவு. தாலியில் மந்திரம் எதுவும் இல்லை. துணை உள்ளவர்களுக்கு நோய் பரவுமுன்னே கண்டுபிடிக்கப்படுவதும், முழுச் சிகிச்சை கிடைப்பதும் அதிகமாக இருந்தது. 'என்ன இது, ரெண்டு மாசமா இருமிக்கிட்டே இருக்கீங்க, வாங்க போலாம்' என்று சட்டையைப் பிடித்து இழுத்துப் போக வீட்டில் ஒருவர் இருக்கிறார். அந்த வேலையை அண்ணன் மகனோ பக்கத்து வீட்டு அக்காவோ செய்யக் கூடாது என்று இல்லை.

டாக்டர்கள் பக்கமும் ஒரு வார்த்தை. ஓ.பி.யில் நூறு பேர் காத்திருக்கும்போது பரிவுக்கு ஏது நேரம் என்பார்கள். நியாயமான கேள்வி. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999-இல் 210 பெண்களுக்கு, ஒரு டாக்டர் மார்பகப் புற்றுநோய் சிகிச்சையை விளக்குகிற காணொளியைக் காட்டினார்கள். அவர்களில் 123 பேர் அந்த நோயிலிருந்து மீண்டவர்கள். ஒரு பிரிவுக்குக் காட்டிய காணொளியில் மட்டும், 'இது கஷ்டமான நேரம், நாங்கள் உங்களோடு இருக்கிறோம்' என்கிற மாதிரியான சில வாக்கியங்கள் கூடுதல். அதைப் பார்த்தவர்களின் பதற்றம் கண்கூடாகக் குறைந்தது. அந்தக் கூடுதல் பகுதிக்கு ஆன நேரம் 40 நொடி.

எது செய்யாது

'சந்தோஷமா இருந்தா நோயே ஓடிப்போயிடும்' என்று சொல்ல நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அறிவியலிலும் ஒரு காலத்தில் இந்த நம்பிக்கைக்குத் தீனி கிடைத்தது. 1989-இல் அமெரிக்க மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல், பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள 86 பெண்களில், வாரம் ஒரு முறை குழுவாகக் கூடிப் பேசியவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு காலம் வாழ்ந்ததாக எழுதினார். பெரிய பரபரப்பு. ஆனால் 2001-இல் கனடாவில் 235 பெண்களிடம் இதையே செய்து பார்த்தபோது ஆயுள் கூடவில்லை. 2007-இல் ஸ்பீகலே மறுபடி செய்து பார்த்தபோதும் பழைய முடிவு வரவில்லை. கனடாவில் குறைந்தவை வலியும் மனத்துயரும். அது சின்ன விஷயமா? ராத்திரி வலியில்லாமல் தூங்கியவரைக் கேட்டால் தெரியும்.

ஆகவே மனத்தைக் கொண்டு கட்டியைக் கரைக்கும் பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதைவிட, அந்தப் பேச்சு செய்கிற கெடுதலை நான் பார்த்திருக்கிறேன். நோய் திரும்ப வந்த ஒருவர், 'நான்தான் ரொம்பக் கவலப்பட்டுட்டேன், அதான் வந்துருச்சு' என்று தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்கிறார். புற்றுநோயாளிகளின் மனநலத்தை ஒரு தனித்துறையாகவே வளர்த்தெடுத்த ஜிம்மி ஹாலண்ட் என்ற அமெரிக்க மருத்துவர், இதை நேர்மறைச் சிந்தனையின் கொடுங்கோல் என்றே சொன்னார். நோயாளிக்குப் பயப்படவும் அழவும் உரிமை உண்டு. 'அழாதீங்க' என்பது பல நேரம் நமக்குப் பார்க்கச் சகிக்கவில்லை என்பதற்கு இன்னொரு பெயர்.

வீட்டில் சொல்ல வேண்டாம் என்பது

எனக்கு இன்னும் முழுத் தெளிவு வராத இடம் இது. 'அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர், தாங்க மாட்டார்' என்று அறைக்குள் முதலில் நுழையும் மகனைக் குறை சொல்ல மனம் வருவதில்லை. அன்பில்தான் சொல்கிறான். ஆனால் அப்பா என்ன குழந்தையா? ஆஸ்பத்திரி வாசல் பலகையிலேயே புற்றுநோய் என்று எழுதியிருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் தலைமுடி கொட்டியவர் உட்கார்ந்திருக்கிறார். அப்பாவுக்குத் தெரியும். தெரிந்தது பிள்ளைக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று அவரும் நடிக்கிறார். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே பயத்தைத் தனித்தனியே சுமக்கிறார்கள்.

போட்டு உடைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 'ஒங்க ஒடம்புக்கு என்னன்னு நீங்க நெனைக்கிறீங்கப்பா?' என்று ஒரு கேள்வி போதும். எவ்வளவு தெரியும், இன்னும் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பது பதிலிலேயே வரும். சிலர் 'நீங்களே பாத்துக்கங்க, எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம்' என்பார்கள். அதையும் மதிக்க வேண்டும்.

சோறு

நம் வீடுகளில் அன்பின் மொழி சாப்பாடு. புற்றுநோய் வந்த வீட்டில் பெரும்பாலான சண்டை அதில்தான். கீமோவால் நாக்கில் இரும்புச் சுவை தட்டும், வாய்க்குள் புண் வரும், தாளிக்கிற வாசனையே குமட்டும். 'இன்னும் ஒரே ஒரு இட்லி' என்று நாம் தட்டோடு நிற்பது அவருக்குத் தண்டனை. எனக்கும் இது புரிய இரண்டு கீமோ ஆயிற்று. 'எது எறங்குது பெரியம்மா?' என்று கேட்டதற்கு, ஆறவைத்த தயிர்சாதம், அதுவும் கால் கிண்ணம் என்றார். சூடான சாப்பாட்டைவிட ஆறியதில் வாசனை குறைவு, குமட்டலும் குறைவு. கால் கிண்ணமாக ஆறு வேளை கொடுத்தேன். எடை இறங்குவது நின்றது.

பார்க்க வருபவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தனிக் கட்டுரையாகிவிடும். ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, 'எங்க சித்தப்பாவுக்கும் இதேதான், ஆறே மாசம்' என்று தொடங்குகிறவர்களை வாசலிலேயே காபி கொடுத்து அனுப்பிவிடுவது அட்டெண்டரின் கடமைகளில் ஒன்று என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

பார்த்துக்கொள்பவரை யார் பார்த்துக்கொள்வது

லண்டனில் 1967-இல், குணமாகாத நோயாளிகளைக் கடைசி வரை கவனிக்கும் புனித கிறிஸ்டோபர் நல்வாழ்வு இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியராக இருந்தார், அப்புறம் சமூகப் பணியாளர், அப்புறம் மருத்துவர். நோயாளியின் வலியில் உடல்வலி ஒரு பங்குதான், மனம், குடும்பம், வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்ற கேள்வி எல்லாம் சேர்ந்த 'முழு வலி' அது என்றார். கூட இருந்து பார்க்கிறவர் இந்த நாலையும் ஒரு பங்காவது வாங்கிக்கொள்கிறார்.

வயதான கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொள்பவர்களை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் அமெரிக்க ஆய்வு 1999-இல் வந்தது. புற்றுநோய்க்கென்று தனியாகச் செய்தது இல்லை, ஆனாலும் பொருந்தும். அந்தப் பாரத்தால் நைந்துபோனவர்கள் இறக்கும் வாய்ப்பு, அந்தப் பொறுப்பு இல்லாத அதே வயதினரைவிட 63 சதவீதம் கூடுதலாக இருந்தது. தூக்கம் கெட்டவரால் பரிவோடு இருக்க முடியாது. எரிந்து விழுவார், பிறகு அதற்காகத் தனியே அழுவார். அண்ணன் தம்பிகள் மாறி மாறிப் பார்த்துக்கொள்ள வேண்டும். மருமகளோ மூத்த மகளோ ஒருத்தியே மொத்தத்தையும் சுமப்பதைத் தியாகம் என்று மெச்சிவிட்டு நகர்ந்துபோகக் கூடாது. கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலிநிவாரண இயக்கத்தில் அக்கம்பக்கத்தினரே பயிற்சி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் உதவும் வழக்கம் வளர்ந்தது. நமக்கு அடுத்த மாநிலம்தான்.

சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வந்த கதையிலும் ஓர் அக்கா இருக்கிறார். தங்கை புற்றுநோயில் துடித்து இறந்ததைக் கிட்ட இருந்து பார்த்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-இல், 12 படுக்கைகளோடு அது ஆரம்பித்தது.

சிகிச்சை முடிந்த பிறகு

கடைசிக் கீமோவும் கரண்டும் முடிந்ததும் வீடு கொண்டாடிவிட்டுப் பழைய வேலைக்குத் திரும்பிவிடும். நோயாளிக்கு அப்போதுதான் தனிமை ஆரம்பிக்கும். அசதி மாதக்கணக்கில் போகாது. ஒவ்வொரு செக்கப்புக்கும் ஒரு வாரம் முன்பே தூக்கம் போய்விடும். 'அதான் சரியாயிடுச்சே' என்பார்கள்.

பெரியம்மாவுக்கு டாமோக்சிஃபென் மாத்திரை எழுதினார்கள். தினம் ஒன்று, ஐந்து வருடம். சிலருக்குப் பத்து வருடம் வரை போகும். நோய் திரும்ப வராமல் தடுக்கிற மாத்திரை இது, நடுவில் விட்டுவிடுபவர்களும் நிறைய. திடீரென்று உடம்பு திகுதிகுவென எரியும், வேர்த்துக்கொட்டும், வெளியே சொல்ல வெட்கம். இரண்டாவது வருடம் ஒரு நாள் மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தேன். பதினோரு மாத்திரை மிச்சம் இருந்தது. பழைய நானாக இருந்தால் அட்டையை நீட்டி 'என்ன பெரியம்மா இது?' என்று கத்தியிருப்பேன்.

"ராத்திரி தூங்க முடியுதா?" என்று கேட்டேன்.

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். "நைட்டி நனைஞ்சிடுதுடா. ரெண்டு தடவ எந்திரிச்சு மாத்துறேன். ஒங்கிட்ட எப்படிச் சொல்றது..." என்றார். மறுநாள் டாக்டரிடம் போனோம். அந்த எரிச்சலைத் தணிக்க ஒரு மருந்து எழுதினார், டாமோக்சிஃபெனைக் காலையில் போட்டுப் பாருங்கள் என்றார். இப்போது மூன்றாவது வருடம் ஓடுகிறது. அட்டையை நான் எண்ணுவதில்லை.